சிவப்புக் கட்டத்துக்கு வெளியே

திரையில் சிவப்புக் கட்டம் விழுந்ததும் இருளாயிக்கு முதலில் வந்தது கோபம். பயம் அப்புறம்தான் வந்தது. நேற்று யாருக்கோ கல்யாணம் நடந்த மண்டபம். மேடையில் தெர்மோகோலில் வெட்டிய மாப்பிள்ளை பெயர் இன்னும் தொங்குகிறது, பெண்ணின் பெயரில் பாதியைக் காணோம், அதற்கு முன்னால் வெள்ளைத் துணியைக் கட்டிக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கடலாம். நீலத்தைத் தடவி நாலு கோடு இழுத்துவிட்டால் கடலா? தண்ணி தெளிந்து கிடக்கிற நாளாகப் பார்த்து, கடலடியில் பாசி பறித்து விற்கிற நாற்பத்திரண்டு பாசிக்காரப் பொம்பளைகளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி வைத்து, ஆளுக்கு ரெண்டு பிஸ்கட்டும் ஆறிப்போன டீயும் கொடுத்து, அவர்கள் முப்பது வருஷமாக முங்கி எழுகிற தண்ணீரை அவர்களுக்கே காட்டுகிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று வாசலில் பேனர். கருத்தைக் கேட்கிறவன் கட்டத்தைப் போட்டுவிட்டா கேட்பான்? தாலியைக் கட்டிவிட்டுப் பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்கிற கதை. மைக்கைப் பிடித்துக்கொண்டு பரிதி பேசுகிறான், இளம்பரிதி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், கடல் படித்தவன். கடல் வருஷா வருஷம் சூடாகிக்கொண்டே போகிறதாம், சூடு தாங்காமல் பவளப்பாறையெல்லாம் வெளுத்துச் சாகிறதாம், எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாதாம், அதனால் எந்த இடத்தில் தண்ணீர் குளிர்ந்திருக்கிறதோ அந்த இடத்தை மட்டுமாவது பூட்டி வைக்க வேண்டுமாம். அங்கே பிழைத்துக் கிடக்கிற பவளத்திலிருந்து நாளைக்கு மற்ற இடத்துக்கெல்லாம் வித்துப் பரவுமாம். விதைநெல்லைப் பத்தாயத்தில் போட்டு வைக்கிற மாதிரி என்று சொன்னான். பத்தாயத்தை நீ கண்டிருப்பாய், கடலடியைக் கண்டாயா. பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு, அப்படிப் பதினாலு பாரில் சூடு அளக்கிற கருவி வைத்து ரெண்டு கோடை அளந்தார்களாம், பதிமூணு கொதித்துவிட்டதாம், ஒன்றே ஒன்று மட்டும் ரெண்டு டிகிரி குறைச்சலாக நின்றதாம். அந்த ஒன்று நடுப்பார். இனிமேல் நடுப்பாரில் கால் படக்கூடாது, கை படக்கூடாது, நங்கூரம் விழக்கூடாது. சுற்றியிருக்கிற பச்சை நிறத்தில் யார் வேண்டுமானாலும் போகலாம். நாற்பத்திரண்டு பேரும் பாசி எடுக்கிறது நடுப்பாரில்தான்.

பொய் என்று அவள் வாய்க்குள் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட பொய் என்று உறைத்தது, அது பரிதியின் பொய் இல்லை, தன்னுடையது என்று உறைத்தது. நடுப்பாரா குளிர்ச்சி? போன சித்திரையில் நடுப்பாரில் முங்கினால் வடிகஞ்சிக்குள் முங்கின மாதிரி இருந்தது, முங்குகிற கண்ணாடிக்குள் வேர்த்தது, கடலுக்குள் வேர்த்த பொம்பளை உலகத்திலேயே நாம்தான் என்று கூட முங்குகிற பேச்சி சிரித்தாள். பார் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. முதல் வாரம் பார்க்க அழகாகக்கூட இருந்தது, இருளாயி அப்படித்தான் நினைத்தாள், அப்புறம் அதன்மேல் அழுக்குப் பச்சையில் ஒரு கோழை படிந்தது, அப்போதுதான் அது செத்துப்போனதன் வெள்ளை என்று தெரிந்தது. செத்த பாரைப் பூட்டப் போகிறார்கள். பிணத்துக்குக் காவல். ஏனென்றால் கருவி அங்கே இல்லை. கருவி ஒரு நாளும் அங்கே இல்லை, அதாவது முதல் மாதம் இருந்தது, பெருவிரல் பருமனில் வெள்ளையாக ஒரு டப்பா, பரிதியே வள்ளத்தில் வந்து இந்தக் கல்லில் கட்டுங்க அக்கா என்று கொடுத்தான். அவனால் முங்க முடியாது. காதுக்குள் சவ்வு கிழிந்து டாக்டர் தண்ணீருக்குள் தலையை விடக்கூடாது என்று சொல்லிவிட்டார். கடல் படித்தவனுக்குக் கடலுக்குள் போக முடியவில்லை என்றால் அவன் பாசிக்காரி காலைத்தானே பிடிக்க வேண்டும்? முதல் மாதம் கட்டினாள். நண்டு வலையில் மாட்டி அது அறுந்து கிடந்தது, நல்லவேளை அவள் கண்ணில்தான் பட்டது. "இது தொலைஞ்சா ரெண்டு வருஷ ஆராய்ச்சியும் போச்சுக்கா, பத்திரமா பாத்துக்கங்க" என்றான், கண் கலங்கினது மாதிரிகூட இருந்தது. பத்திரம். பத்திரமாக வைக்க அவளுக்குத் தெரிந்த இடம் கடலில் ஒன்றே ஒன்றுதான். அங்கே கொண்டுபோய் வைத்தாள். வேறு யார் கையும் படாத இடம், வேறு யாருக்கும் தெரியாத இடம். மூன்று மாதத்துக்கு ஒருதரம் அவன் வருகிற நாளில் விடியக்காலையில் பாசிக்கு முங்கும்போதே எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். மற்றவள்கள் கரையேறின பிறகு அவன் வள்ளத்தில் போய், அவன் பார்க்க நடுப்பாரில் முங்கி, கையில் கருவியோடு எழுவாள். "இந்த ஒரு நாள் மட்டும் சூடு ஏறியிருக்கே?" என்று ஒருதரம் கேட்டான். இடுப்புச் சூடு தம்பி என்றா சொல்ல முடியும்? வெயில் பட்டிருக்கும் என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டி எழுதிக்கொண்டான். எழுதத் தெரிந்தவனை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம்.

அந்த இடம். அதை நினைக்கவே கூடாது என்றுதான் நினைத்தாள், இந்தக் கூட்டத்தில், வள்ளத்துக்காரி சண்முகக்கனி மதினி பக்கத்து நாற்காலியில் பாக்குக் கடித்துக்கொண்டிருக்கும்போது நினைக்கவே கூடாது, நினைத்தால் முகத்தில் தெரியும். ஆனால் நினைக்காதே என்றால்தானே நினைப்பு முந்திக்கொண்டு வருகிறது. நடுப்பாருக்குத் தெற்கே கூப்பிடு தூரம், தரை சரிந்து இறங்குகிற இடத்தில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குமேல் பாறை கூரையாக நீட்டிக்கொண்டிருக்கும், ஆழத்திலிருந்து ஒரு நீரோட்டம் வந்து அதில் நுழைந்து போகும். உள்ளே தலையை விட்டதும் நெற்றி குளிரும். சித்திரையிலும் குளிரும். மரிக்கொழுந்துப் பாசி கணுக்கால் உயரத்துக்கு நிற்கும், பவளம் ஊதாவும் மஞ்சளுமாக, உயிரோடு. அவள் பவளத்தைப் பார்க்கப் போனவள் இல்லை. பவளம் செத்தால் அவளுக்கென்ன, அவள் பாசிக்காரி. ஆனாலும் கை வைக்காமல் ஒதுங்கித்தான் எடுப்பாள், ஏன் என்று கேட்டால் தெரியாது. ஒன்பது வருஷம். பாசி வள்ளத்தில் ஒரு முறை உண்டு, எழுதினது இல்லை, யாரும் மீறினது இல்லை: புதுசாக ஒரு பாசித் தரையைப் பார்த்தவள் மேலே வந்து வள்ளப் பலகையை ரெண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால் எல்லோரும் வருவார்கள், எல்லோரும் எடுப்பார்கள். கண்டவளுக்கு மட்டும் என்று கடலில் எதுவும் கிடையாது. அதனால்தான் மூச்சு குறைந்த கிழவிகூட வெறும் சாக்கோடு கரையேறாமல் இருக்கிறாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இருளாயி அந்தப் பள்ளத்திலிருந்து மேலே வந்தாள், மூச்சு முட்ட நீந்தி வந்து வள்ளத்தைப் பிடித்தாள், கையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து வள்ளத்துக்குள்ளே சண்முகக்கனி சொல்லிக்கொண்டிருந்தாள், "அவ புருசன் என்ன சும்மாவா கேரளாவுக்கு ஓடுனான்? இவ மொகத்துல முழிக்கிறதுக்கு அங்க போயி தேங்கா ஒரிக்கலாம்னுதான் போயிருப்பான்." வள்ளமே சிரித்தது. பேச்சிகூடச் சிரித்தாள். தூக்கின கை இறங்கிவிட்டது. தட்டவில்லை. அவ்வளவுதான். ஆனால் அது அன்றைக்கு. மறுநாள் ஏன் தட்டவில்லை? அடுத்த மாதம் ஏன் தட்டவில்லை? கோபம் அத்தனை நாள் கெட்டுப்போகாமல் இருக்குமா, ஒன்பது வருஷத்துக்குக் கருவாடாவது கிடக்குமா? கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது, அதுதான் நிஜம். சண்முகக்கனியே அடுத்த வாரம் தன் சோற்றுச் சட்டியிலிருந்து மீன் எடுத்துப் போட்டாள், இவளும் தின்றாள். அப்புறமும் தட்டவில்லை. எனக்கென்று ஒரு இடம் இருக்கட்டுமே என்று தோன்றியது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வீடு அண்ணனுடையது, வள்ளம் சண்முகக்கனியுடையது, கடல் பொது, பாசி பொது. ஒரு பள்ளம் இருக்கட்டுமே. சே, இதையும் அழகாகச் சொல்லிக்கொள்கிறாள் பார். திருட்டுக்கு ஒரு தாலாட்டு.

பேச்சி முழங்கையால் இடித்தாள். "என்னடி சொல்றாக, நடுப்பார எடுத்துக்கிறாகளாமா?" மண்டபத்தில் சலசலப்பு ஏறிக்கொண்டிருந்தது, மின்விசிறி ஒன்று கடக்கடக் என்று தலைக்குமேல் அடித்துக்கொண்டிருந்தது, அதைக் கழற்றி எறிய ஆள் இல்லையா இந்த ஊரில். சாம்பார் வாடை. யாரோ ஒருத்தி, "எவன் சொன்னான் அங்க குளுந்து கெடக்குன்னு?" என்று கத்தினாள். எவனும் சொல்லவில்லை, எவள் சொன்னாள் என்று கேள். பரிதி மைக்கில் சிரித்தபடி, "இந்த அளவெல்லாம் நாங்களா சொல்றது இல்லம்மா. உங்க ஊரு அக்கா ஒருத்தங்க உதவியோடதான் எடுத்தோம்" என்றான். சொல்லிவிட்டு நேராக இவளைப் பார்த்தான். பெருமையோடு பார்த்தான். பாவி, அந்தக் கண்ணை எங்கேயாவது திருப்பேன், கூரையைப் பாரேன், கண்டக்டர் மாதிரி எல்லோரையும் ஒரு சுற்றுப் பாரேன். வள்ளத்தில் உட்கார்ந்து இவன்தான், உங்களுக்குத் தெரியாததா அக்கா, எங்க புரொபசர விட உங்களுக்குத்தான் கடல் தெரியும் அக்கா என்பான். அதில்தானே விழுந்தாள். நாற்பத்தேழு வயது வரைக்கும் உனக்கென்ன தெரியும் என்று ஒருத்தரும் அவளைக் கேட்டதில்லை. கேட்டவனுக்குப் பொய்யைக் கொடுத்தாள். இல்லை, பொய்யைக் கொடுக்கவில்லை, அளவு அத்தனையும் நிஜம், ஒவ்வொரு புள்ளியும் நிஜம். இடம்தான் பொய். சண்முகக்கனி பாக்கைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "எவடி அது, உதவி பண்ணுன மகராசி?" என்று மெதுவாகக் கேட்டாள், யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. மடியில் கனம் இருக்கிறவளுக்குத்தான் வழியில் பயம். கருவி கட்டினதே அவள்களுக்குத் தெரியாது. பள்ளம் தெரிந்தால் அவ்வளவுதான். அடிக்க மாட்டார்கள். அடித்தால் பரவாயில்லை. வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள். வள்ளம் சண்முகக்கனி வீட்டு வள்ளம், ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் ஒருத்தி ஏற முடியும். வள்ளம் இல்லாத பாசிக்காரி கரையில் நின்று கடலைப் பார்க்கலாம், வேறென்ன செய்ய? வீட்டு வேலைக்குப் போகலாம். அண்ணன் பெண்டாட்டி துணி துவைக்கலாம். சும்மா இரு. வாயைத் திறக்காதே. பூட்டட்டும். நடுப்பார் பூட்டினாலும் உன் பள்ளம் சிவப்புக்கு வெளியே, பச்சைக்குள் கிடக்கிறது. உனக்கு என்ன நஷ்டம்? எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்.

பச்சை. அவள் திரையை மறுபடி பார்த்தாள். படத்தில் தெற்கு எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது, பிறகு தீவின் மூக்கு தெரிந்தது, அதிலிருந்து கணக்கிட்டு வந்தாள். பள்ளம் பச்சையில்தான் கிடந்தது, சிவப்புக் கோட்டுக்கு ஒட்டி. நடுப்பாரில் போட விடாத நங்கூரமெல்லாம் எங்கே விழும்? நண்டு வலைக்காரன் எங்கே போவான்? பத்தடி தள்ளி, பச்சையில். ஒரு மாதம் தாங்காது அந்தக் கூரைப் பாறை. ஊதாவும் மஞ்சளும் நொறுங்கிச் சல்லியாகும். உயிரோடு இருக்கிற ஒரே இடத்தை உடைக்கச் சொல்லி, செத்த இடத்துக்குப் பூட்டுப் போட்டு, அதற்கும் பெயர் பாதுகாப்பு. அந்தப் பையன் ரெண்டு வருஷம் தூக்கமில்லாமல் போட்ட திட்டம். யார் முட்டாள், அவனா? பேசினால் பள்ளம் போகும், பேசாவிட்டாலும் போகும். பேசினால் வள்ளமும் போகும். பேசாவிட்டால் வள்ளம் இருக்கும், ஆனால் வள்ளம் எங்கே போகும், நடுப்பார் இல்லாமல்? நாற்பத்தொரு பேர் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கரையில் நிற்பார்கள், அவளும் நாற்பத்திரண்டாவதாக நின்று, அய்யோ இப்படிப் பண்ணிட்டானுகளே என்று கூடச் சேர்ந்து மண்ணை வாரித் தூற்ற வேண்டும். அதையும் செய்வாள். ஒன்பது வருஷமாக, இன்னைக்குப் பாசியே இல்ல மதினி என்று அவள்களோடு சேர்ந்து பெருமூச்சு விட்டவள்தானே, சாக்கில் பாதியைப் பள்ளத்திலிருந்து நிரப்பிக்கொண்டு. நல்லா நடிப்பாள். தன்னை நினைக்கத் தனக்கே குமட்டியது. டீ டம்ளரைக் காலடியில் வைத்தாள், அது கவிழ்ந்தது, பேச்சி காலை இழுத்துக்கொண்டு, "கண்ணு தெரியலையாடி?" என்றாள்.

மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரி அம்மா மைக்கை வாங்கி, ஆட்சேபனை இருப்பவர்கள் இப்போதே சொல்லிவிடலாம், இன்றைக்குப் பதிவாகிறதுதான் மேலே போகும் என்றார். சண்முகக்கனி எழுந்தாள். அவள் எழுந்தால் நாற்பது பேர் வாய் மூடும். "அம்மா, நாங்க படிக்காதவக. ஆனா தெனம் அந்தத் தண்ணிக்குள்ள கெடக்கிறவக. நடுப்பாரு வெந்து போச்சு. பவளமெல்லாம் போன கோடையிலேயே செத்துப் போச்சு. அது குளுந்து கெடக்குன்னு அந்தத் தம்பி சொல்றது எனக்குச் சிரிப்பா இருக்கு." பரிதி மரியாதையாகத்தான் பதில் சொன்னான், அதுதான் தாங்க முடியவில்லை. "அம்மா, உடம்புக்குத் தெரியறது வேற, கருவி சொல்றது வேற. கருவி பொய் சொல்லாதும்மா." கூட்டம் இரைந்தது. சண்முகக்கனி நின்றபடியே நின்றாள். கையில் ஒரு தாள் இல்லை, ஒரு எண் இல்லை, நிஜம் மட்டும் இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் பெரிய உடம்பு நின்றது. அவளை அப்படி இருளாயி ஒரு நாளும் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டும், ஒன்பது வருஷத்துச் சிரிப்புக்குப் பதில் இது. சந்தோஷம் வரவில்லை. உட்கார் மதினி, உட்காரேன், ஏன் நின்று மானம் போகிறாய் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். அவள் உட்காரவில்லை. அதிகாரி அம்மா பேனாவை எடுத்து, "அப்போ ஆட்சேபனைக்கு ஆதாரம் இல்லைன்னு எழுதிக்கவா?" என்றார். இருளாயியின் முழங்கால் அவளைக் கேட்காமல் நிமிர்ந்தது.

"கருவி நடுப்பார்ல இல்லம்மா."

குரல் அவளுடையது மாதிரி இல்லை. திரும்பின தலைகளை அவள் பார்க்கவில்லை, பரிதியை மட்டும் பார்த்தாள்.

"நாந்தான் தம்பி மாத்தி வச்சேன். மொத மாசமே மாத்திட்டேன். நீ வர்ற அன்னைக்கி எடுத்தாந்து, நடுப்பார்ல முங்கி எந்திரிச்சுக் காமிச்சேன்."

"ரெண்டு வருஷமாவா?" பரிதியின் முகத்தில் ரத்தம் இல்லை. "அப்ப அந்த அளவெல்லாம்…"

"அளவு சரிதான். எடந்தான் வேற."

அதிகாரி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எந்த இடம்? வந்து காட்டுங்க."

திரை வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. வழியில் பிஸ்கட் தூள் செருப்பில்லாத காலில் குத்தியது. தீவின் மூக்கிலிருந்து தெற்கே விரலை இறக்கிக்கொண்டு வந்து, சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பச்சையில் வைத்தாள். துணி குளிர்ந்திருந்தது, மின்விசிறிக் காற்று அடித்துக் குளிர்ந்திருந்தது. அவள் கையின் நிழல் பாதிக் கடலை மறைத்தது.

"இங்கனதான். சித்திரையிலயும் குளுந்து கெடக்கும். பவளம் உசுரோட இருக்கு. பூட்டுறதா இருந்தா இதப் பூட்டுங்க."

சண்முகக்கனிதான் முதலில் கேட்டாள். கத்துவாள் என்று இருளாயி எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"அங்க பாசி இருக்கா?"

"இருக்கு மதினி."

"எத்தன வருசமாத் தெரியும்?"

"ஒம்பது."

"போன கச்சான் காத்துக் காலத்துல பாஞ்சு நாளு வெறுஞ்சாக்கோட வந்தமே. பேச்சி மயங்கி விழுந்தாளே. அன்னைக்கும் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம், ஒரே ஒரு சொல்தான்.

"தெரியும்."

சண்முகக்கனி அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இருளாயிக்குத் தெரியும் எப்படித் தாங்குவதென்று. அவள் யாரோ வெளியூர்க்காரியைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். பிறகு மேசைப் பக்கம் திரும்பி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"எழுதிக்கங்கம்மா. எங்க எடத்த விட்ருங்க. அவ எடத்தப் பூட்டிக்கங்க."

அதிகாரி அம்மா எழுதினார். பரிதி மடிக்கணினியைத் திறந்து சிவப்புக் கட்டத்தைப் பிடித்துத் தெற்கே இழுக்க ஆரம்பித்தான், அது அவள் விரல் இருந்த இடத்துக்கு வந்து நின்றது. இருளாயி தன் வரிசைக்குத் திரும்பி நடந்தாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் பேச்சி தன் பையை வைத்திருந்தாள்.